ஜிம்மி ஸ்பியர்ஸ்: ஒரு ஸ்காட்லாந்துக் கால்பந்துத் தொழிலாளியின் வரலாறு

1870களின் இறுதியில் தொடங்கி முதல் உலகப் போர் மூளும்வரை ஸ்காட்லாந்தின் தொழில் நகரங்களிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கால்பந்து ஆட்டக்காரர்களின் வரலாறு, பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவும் தனிப்பட்டவர்களின் புகழுரையாகவும் எழுதப்பட்டுவந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கிளைடு ஆற்றங்கரையின் கப்பல் கட்டும் தளங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலைசெய்த குடும்பங்களில் பிறந்து, அதே குடும்பங்களின் கொல்லர்களும் பொறிவினைஞர்களும் எந்த வழியில் வெளியூர் சென்று கூலி தேடினார்களோ அதே வழியில் சென்று, தங்கள் கால்களின் திறனை விற்றுப் பிழைத்த தொழிலாளர்கள் ஆவர். 1901 முதல் அவர்களுடைய ஊதியத்துக்கு விதிப்படி உச்சவரம்பு இருந்தது. வேலையிடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையோ அவர்கள் கையில் இருக்கவில்லை. கிளாஸ்கோவை அடுத்த கோவனில் 1886ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்து, 1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் பெல்ஜியத்துப் போர்முனையில் இறந்த ஜிம்மி ஸ்பியர்ஸின் வாழ்க்கை இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. 1911ஆம் ஆண்டின் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் தலையால் முட்டி அடித்த ஒரு கோலுக்காக மட்டுமே அவரை நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோலுக்கு முன்னும் பின்னும் உள்ள பல ஆண்டு உழைப்பும் அதே அளவு கவனத்துக்கு உரியது.

ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களுக்கு இங்கிலாந்தில் அவ்வளவு தேவை ஏற்பட்டதற்குக் காரணம் அவர்கள் ஆடிய முறை. உலகின் முதல் அதிகாரபூர்வ நாடுகளுக்கிடையேயான கால்பந்தாட்டம் 1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே நடந்து, கோல் ஏதும் இன்றி முடிந்தது. அந்நாளைய ஆங்கிலேயர்கள் பந்தைத் தனியாளாகக் காலோடு உருட்டிச்சென்று எதிராளிகளைக் கடக்க முயல, ஸ்காட்லாந்தினர் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்துக் கூட்டாக முன்னேறும் முறையை அடுத்துவந்த ஆண்டுகளில் வளர்த்தெடுத்தனர். லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்களில் தோன்றிய கழகங்கள் இந்த முறையின் மதிப்பை விரைவில் உணர்ந்து, ஸ்காட்லாந்திலிருந்து ஆட்களை வரவழைக்கத் தொடங்கின. பார்ட்டிக்கைச் சேர்ந்த கல்தச்சரான ஃபெர்கஸ் சூட்டர் 1878இல் டார்வென் கழகத்துக்கும் பின்னர் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கும் சென்றது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆடுவதற்குப் பணம் பெறுவது அப்போது விதிமீறலாக இருந்தமையால், இத்தகையவர்களுக்கு ஊரில் ஏதேனும் ஒரு வேலை பெயரளவில் தரப்பட்டது. 1888–89இல் நடைபெற்ற முதல் லீக் போட்டியை ஒரு தோல்வியும் இல்லாமல் வென்ற பிரஸ்டன் நார்த் எண்ட் அணியிலும் ஸ்காட்லாந்தினர் பலர் இருந்தனர். ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவர்கள் என்ற பொருளில் அவர்களை ‘பேராசிரியர்கள்’ என்று அந்நாளில் அழைத்ததில் பாராட்டுணர்வு மிகுதியாகவே இருந்தது.

இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம், அதாவது ஊதியம் பெற்று ஆடுவது, 1885இல் சட்டபூர்வமாக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் அது 1893இல்தான் நிகழ்ந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் தெற்கே சென்றவர்கள் தாய்நாட்டில் ஏறக்குறைய ஒதுக்கப்பட்டவர்களாகவே கருதப்பட்டனர். இங்கிலாந்துக் கழகங்களில் ஆடிய ஸ்காட்லாந்துக்காரர்களை நாட்டு அணிக்குத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1896இல்தான் தொடங்கியது. ஸ்பியர்ஸ் வளர்ந்துவந்த காலத்தில் இந்தத் தயக்கங்கள் நீங்கியிருந்தன. ஒரு கிளாஸ்கோ இளைஞன் நன்றாக ஆடினால் அவனை உள்ளூர்ப் பெருங்கழகம் ஒன்று எடுத்துக்கொள்ளும் என்பதும், பின்னர் இங்கிலாந்திலிருந்து ஆள் வருவார்கள் என்பதும் எல்லாரும் அறிந்த பாதையாகிவிட்டிருந்தன.

கோவன் இன்று கிளாஸ்கோ மாநகரின் ஒரு பகுதி. ஸ்பியர்ஸ் பிறந்தபோது அது தனி நகராட்சியாக இருந்தது, 1912இல்தான் மாநகரோடு இணைக்கப்பட்டது. கிளைடு ஆற்றின் தென்கரையில், ஃபேர்ஃபீல்டு போன்ற மாபெரும் கப்பல் கட்டும் தளங்களின் நிழலில் வளர்ந்த அவ்வூரில், சனிக்கிழமை பிற்பகல் வேலை முடிந்ததும் கால்பந்துத் திடலுக்குச் செல்வது தொழிலாளர் வாழ்வின் நிலையான ஒழுங்காக இருந்தது. ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஐப்ராக்ஸ் திடலும் கோவன் எல்லைக்குள்தான் இருந்தது. ஸ்பியர்ஸ் முதலில் ஆனன்டேல், மேரிஹில் ஆகிய சிறு கழகங்களில் ஆடினார். மேரிஹில் ‘ஜூனியர்’ பிரிவைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்துக் கால்பந்தில் இச்சொல் வயதைக் குறிப்பதன்று. பெரிய லீக்கில் இடம்பெறாத, ஆனால் தமக்கெனத் தனிச் சங்கமும் கோப்பைப் போட்டியும் கொண்ட கழகங்களின் அடுக்கைக் குறிப்பது. முதிர்ந்த ஆட்களும் ஆடிய இந்த அடுக்கில் ஆட்டம் கடுமையாகவும் உடல் மோதல் மிகுந்தும் இருந்ததால், அதில் தேறிய இளைஞன் பெருங்கழகத்துக்கு அணியமானவன் என்று கருதப்பட்டான். ஸ்காட்லாந்தின் ஆட்டக்காரர் ஏற்றுமதி அத்தனை ஆண்டுகள் வற்றாமல் நடந்ததற்கு இந்த ஜூனியர் கழகங்களே ஊற்றுக்கண். புகழ்பெற்ற பெயர்களுக்குப் பின்னால் மறைந்துபோகும் இச்சிறு கழகங்களுக்கு வரலாறு இன்னும் உரிய இடம் தரவில்லை என்றே கூற வேண்டும்.

1905இல் ஸ்பியர்ஸ் ரேஞ்சர்ஸில் சேர்ந்தார். பிறந்த ஊரின் பெருங்கழகத்தில் இடம் கிடைப்பது எந்த இளைஞனுக்கும் பெருமைக்குரியது. ஆனால் கழகத்துக்கு அது நல்ல காலமாக இருக்கவில்லை. 1902ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்தின்போது ஐப்ராக்ஸில் மரச்சட்டங்களால் எழுப்பப்பட்டிருந்த பார்வையாளர் படிக்கட்டின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 25 பேர் இறந்திருந்தனர். அந்தத் திடலைச் சீரமைக்கும் செலவு கழகத்தை வருத்தியது. அதே வேளையில் நகரின் மறுபுறத்தில் செல்டிக் கழகம் 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. ஸ்பியர்ஸ் ரேஞ்சர்ஸில் இருந்த மூன்று பருவங்களும் செல்டிக்கின் இந்த ஆதிக்கத்துக்கு உட்பட்டவையே. ஆயினும் அவருடைய ஆட்டம் தேர்வாளர்களின் கண்ணில் பட்டு, 1908ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டண்டீ நகரில் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து 2–1 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தில் அவர் நாட்டு அணிக்காக ஆடினார். அதன்பின் அவர் நாட்டுக்காக ஆடவில்லை. ஸ்காட்லாந்து அணி ஓராண்டில் வேல்ஸ், அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று அணிகளோடு மட்டுமே ஆடிய அந்நாளில், ஒரே ஒரு முறை நாட்டுச் சட்டை அணிந்ததை ஒருவருடைய திறனுக்கு அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

1908இல் அவர் கிளாஸ்கோவின் மற்றொரு கழகமான கிளைடுக்கு மாறினார். அங்கு அவர் இருந்த ஒரே பருவத்தில் அக்கழகம் லீக்கில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. முதலிடம் பெற்ற செல்டிக்கைவிட மூன்று புள்ளிகள் மட்டுமே குறைவு. அந்தப் பருவம் முடிந்ததும், 1909இல், அவர் எல்லை கடந்து யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டு சிட்டிக்குச் சென்றார்.

இந்தப் பயணத்தின் பொருளாதாரத்தைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1901 முதல் ஆட்டக்காரர் எவருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் ஊதியம் தரக்கூடாது என்ற விதியை நடைமுறைப்படுத்தியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது தரப்படும் தொகையும் 10 பவுண்டைத் தாண்டலாகாது. ஒரு கைத்திறன் தொழிலாளி வாரத்துக்கு 2 பவுண்டு அளவில் ஈட்டிய காலம் அது என்பதால், 4 பவுண்டு குறைந்த தொகையன்று. ஆனால் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். முழங்கால் முறிந்தால் ஒரே நாளிலும் முடியும். ஸ்காட்லாந்தில் இத்தகைய உச்சவரம்பு இருக்கவில்லை; எனினும் இரண்டு பெரிய கிளாஸ்கோ கழகங்களைத் தவிர மற்றவை சிறந்த ஆட்டக்காரர்களுக்கு இங்கிலாந்துக் கழகங்கள் தந்த ஊதியத்தை நிலையாகத் தரும் வலிமை பெற்றிருக்கவில்லை. ஆகவே கிளைடு போன்ற கழகத்தின் ஆட்டக்காரருக்கு, பருவந்தோறும் உறுதியாக வரும் இங்கிலாந்து ஊதியம் முன்னேற்றமே.

உச்சவரம்பைவிடக் கடுமையானது பதிவுமுறை. ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரும் ஒரு கழகத்தின் பேரில் லீக்கில் பதிவுசெய்யப்படும். ஒப்பந்தம் ஓராண்டுக்குரியதே ஆனாலும், ஆண்டு முடிந்தபின்னும் அந்தப் பதிவைக் கழகம் தன்னிடமே நிறுத்திவைத்துக்கொள்ளலாம். கழகம் விடுவிக்காதவரை அவர் வேறெந்த லீக் கழகத்திலும் ஆட முடியாது. விடுவிப்பதற்குக் கழகம் தொகை கேட்கும். மாற்றுத்தொகை என்று அறியப்பட்ட அப்பணம் கழகத்துக்கும் கழகத்துக்கும் இடையே கைமாறியது. அதை ஈட்டித்தந்த ஆட்டக்காரருக்கு அதில் உரிமை இல்லை. 1905இல் ஆல்ஃப் காமன் என்பவரைச் சண்டர்லாந்திடமிருந்து மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டுக்குப் பெற்றபோது, மனிதரை விலைக்கு வாங்கும் வணிகம் என்று பத்திரிகைகள் கண்டித்தன. ஒருவருடைய விலை கூடிக்கொண்டே போக, அவருடைய கூலி மட்டும் 4 பவுண்டில் நின்றது. இந்த முரணை எதிர்த்தே 1907இல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்தனர். 1909ஆம் ஆண்டுக் கோடையில், சங்கத்திலிருந்து விலகாதவர்கள் ஆட முடியாது என்று கால்பந்துச் சங்கம் ஆணையிட்டபோது, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியாமல் தனித்து நின்று பயிற்சிசெய்தனர். முடிவில் ஆட்டக்காரர்கள் சங்கம் அங்கீகாரம் பெற்றது. உச்சவரம்போ பதிவுமுறையோ அசையவில்லை. ஸ்பியர்ஸ் இங்கிலாந்து வந்து சேர்ந்தது சரியாக அந்தக் கொந்தளிப்பான ஆண்டில்தான். பிராட்ஃபோர்டில் அவருடன் ஆடிய எவலின் லின்டாட் பள்ளி ஆசிரியராகவும், பின்னர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் என்பதால், இப்பிரச்சினைகள் அந்த அணியின் உடைமாற்றும் அறைக்கு அந்நியமானவை அல்ல.

பிராட்ஃபோர்டு அந்நாளில் கம்பளி நெசவின் தலைநகரம். அங்கு ரக்பியே மக்களின் ஆட்டமாக இருந்தது. மேனிங்ஹம் என்ற ரக்பிக் கழகம் 1895–96இல் வடக்கு ரக்பி ஒன்றியத்தின் முதல் பட்டத்தையும் வென்றிருந்தது. ஆயினும் வருவாய் குன்றியதால் அக்கழகம் 1903இல் தன் வேலி பரேட் திடலோடும் செங்கருஞ்சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த சட்டை வண்ணங்களோடும் அப்படியே கால்பந்துக்கு மாறி, பிராட்ஃபோர்டு சிட்டி என்ற பெயரைப் பெற்றது. யார்க்‌ஷயரின் ரக்பிக் கோட்டையில் கால்பந்துக்கு இடம்பிடிக்க விரும்பிய லீக், ஓர் ஆட்டம்கூட ஆடியிராத அந்தக் கழகத்தை நேராக இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொண்டது. 1908இல் அது முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அதன் மேலாளர் பீட்டர் ஓ’ரூர்க்கும் ஸ்காட்லாந்துக்காரரே. உள்ளூரில் கால்பந்து மரபே இல்லாத ஊருக்குத் தேர்ந்த ஆட்டக்காரர்களை வெளியிலிருந்துதான் கொண்டுவர முடியும். அவரோ தமக்கு நன்கு தெரிந்த சந்தைக்கே சென்றார். ஸ்காட்லாந்துத் தொழிலாளர் நிறைந்த அந்த அணியின் தோற்றம் இவ்வாறுதான் அமைந்தது.

ஸ்பியர்ஸ் ‘இன்சைடு ஃபார்வேர்டு’ என்ற இடத்தில் ஆடினார். அந்நாளில் எல்லா அணிகளும் கோல்கீப்பருக்கு முன் இருவர், அவர்களுக்கு முன் மூவர், முன்வரிசையில் ஐவர் என்ற அமைப்பில் நின்றன. முன்வரிசையின் நடுவில் நிற்பவருக்கும் ஓரத்தில் ஓடுபவருக்கும் இடைப்பட்டவரே இன்சைடு ஃபார்வேர்டு. பின்னுக்கு வந்து பந்தைப் பெற்று, நடுவரிசையோடு முன்வரிசையை இணைத்து, வாய்ப்பு அமையும்போது கோலும் அடிக்க வேண்டிய இந்த இடத்துக்குத்தான் ஸ்காட்லாந்துப் பாணி ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக் கழகங்கள் அதிகம் தேடின. ஆஃப்சைடு விதி அன்று இன்றைக்கு இருப்பதைவிட இறுக்கமானது: பந்து தரப்படும் நொடியில் முன்னால் நிற்பவருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும். பின்காவலர் ஒருவர் சற்று முன்னே நகர்ந்தாலே தாக்குபவர் சிக்கிக்கொள்வார். எனவே கோல்கள் அரிதாக விழுந்தன. ஒரே ஒரு கோலில் முடியும் ஆட்டங்கள் அக்காலத்தில் வழக்கமானவை.

1910–11ஆம் பருவம் பிராட்ஃபோர்டு சிட்டியின் வரலாற்றில் உச்சம். லீக்கில் ஐந்தாம் இடம் பெற்ற அந்த அணி, எஃப்.ஏ. கோப்பையில், அதாவது பெரியவை சிறியவை என்ற வேறுபாடின்றிக் கழகங்கள் பங்கேற்று, தோற்றவர் உடனே வெளியேறும் போட்டியில், படிப்படியாக முன்னேறியது. மார்ச் 11ஆம் நாள் பர்ன்லிக்கு எதிரான கால் இறுதி ஆட்டத்துக்கு வேலி பரேடில் 39,146 பேர் கூடினர்; அத்திடலில் கூடிய மிகப் பெரிய கூட்டம் அதுவே. அந்த ஆட்டத்தை 1–0 என வென்று, அரையிறுதியில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 3–0 எனத் தோற்கடித்து, இறுதியாட்டத்தில் நியூகாசில் யுனைடெட்டைச் சந்தித்தது.

நியூகாசில் அன்றைய இங்கிலாந்தின் மிகத் தேர்ந்த அணிகளுள் ஒன்று. ஏழு ஆண்டுகளில் அது ஆடிய ஐந்தாவது இறுதியாட்டம் அது. முந்தைய ஆண்டின் கோப்பையும் அதனிடமே இருந்தது. அதன் பின்காவலர் பில் மக்ராக்கன், தாக்குபவர்களை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் உத்தியில் ஈடிணையற்றவர். 1925இல் விதியிலிருந்த மூவர் என்பது இருவர் என்று மாற்றப்பட்டதற்கு அவருடைய அந்த உத்தியே முதற்காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் நடுவரிசையின் அறிவு எனக் கருதப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் மக்வில்லியமும் கோல் அடிப்பதில் முதல்வரான ஆல்பர்ட் ஷெப்பர்டும் காயத்தால் ஆட முடியாமல் போயினர். ஏப்ரல் 22ஆம் நாள் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் திடலில் ஏறத்தாழ 70,000 பேர் பார்த்த ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. நான்கு நாட்களுக்குப் பின், புதன்கிழமையன்று, ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம் நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் நடுக்காவலராக ஆடிய வில்லி கில்டியாவுக்குப் பதிலாக ராபர்ட் டாரன்ஸ் இறங்கினார். 15ஆவது நிமிடத்தில் நியூகாசில் கோல் முகப்பில் உயர்ந்து வந்த பந்தை ஸ்பியர்ஸ் தலையால் முட்ட, முன்வரிசையின் நடுவில் ஆடிய ஃபிராங்க் ஓ’ரூர்க்கின் நெருக்கடிக்கு உள்ளாகியிருந்த கோல்கீப்பர் லாரன்ஸ் அதைத் தடுக்க இயலாமல், பந்து வலைக்குள் சென்றது. மீதமிருந்த ஒரு மணி நேரத்துக்கு மேலும் நியூகாசில் தாக்கிக்கொண்டே இருந்தது. டாரன்ஸ் தலைமையில் பிராட்ஃபோர்டின் காவல் அரண் உடையவில்லை. அந்தப் பிற்பகலின் சிறந்த ஆட்டக்காரர் டாரன்ஸ்தான் என்ற கருத்து ஏற்கத்தக்கதே.

அன்று களமிறங்கிய பதினொருவரில் கேம்பல், டெய்லர், டாரன்ஸ், மெக்டொனால்டு, லோகன், ஸ்பியர்ஸ், ஓ’ரூர்க், டிவைன் ஆகிய எண்மர் ஸ்காட்லாந்தினர். அணித்தலைவராகக் கோப்பையைப் பெற்றுக்கொண்டவர் ஸ்பியர்ஸ். அந்தக் கோப்பையே புதியது. முதல் கோப்பை 1895இல் பர்மிங்ஹாமில் திருடப்பட்டுப் போனது; இரண்டாவது, கால்பந்துச் சங்கத் தலைவர் கின்னர்ட் பிரபுவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது; மூன்றாவதாகச் செய்யப்பட்ட வெள்ளிக் கோப்பை முதன்முதலாகப் பரிசளிக்கப்பட்டது அந்த ஆண்டில்தான். அதைச் செய்துகொடுத்த ஃபட்டோரினி நிறுவனமும் பிராட்ஃபோர்டைச் சேர்ந்தது என்பது அந்நகர மக்களின் பெருமகிழ்ச்சிக்கு இன்னொரு காரணமாயிற்று. பிராட்ஃபோர்டு சிட்டி அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் எந்தப் பெரிய கோப்பையையும் வென்றதில்லை. கம்பளி ஆலைகளின் ஊருக்கு ஒரே ஒரு முறை கிடைத்த அந்தப் பெருமையை ஈட்டித்தந்தவர்கள் கிளைடு ஆற்றங்கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தொழில் கற்றவர்கள்.

மறு ஆண்டு கோப்பையைத் தக்கவைக்கும் முயற்சி பார்ன்ஸ்லியிடம் முடிந்தது. மூன்று ஆட்டங்கள் கோல் இன்றி முடிய, நான்காவது ஆட்டத்தில்தான் பிராட்ஃபோர்டு 2–3 எனத் தோற்றது. முந்தைய பருவத்தையும் சேர்த்து, அதற்கு முன் கோப்பைப் போட்டியில் தொடர்ந்து பல ஆட்டங்களில் அந்த அணியின் வலைக்குள் ஒரு பந்தும் விழவில்லை. 1912ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பியர்ஸ் சில மைல் தொலைவிலுள்ள லீட்ஸ் சிட்டிக்கு மாற்றப்பட்டார். பிராட்ஃபோர்டுக்குக் கிடைத்த தொகை 1,400 பவுண்டு. ஒருவர் ஆண்டு முழுதும் வாரம் 4 பவுண்டு பெற்றாலும் அத்தொகையை ஈட்ட ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். பதிவுமுறையின் அநீதியை இதைவிடச் சுருக்கமாக எடுத்துக்காட்ட இயலாது.

லீட்ஸ் சிட்டி அப்போது தடுமாறிக்கொண்டிருந்த இரண்டாம் பிரிவுக் கழகம். 1911–12இல் 19ஆம் இடம் பெற்று, லீக்கில் தொடர்வதற்கே மற்றக் கழகங்களின் வாக்குகளை வேண்டி நின்றது. அதைச் சீர்செய்ய 1912இல் மேலாளராக வந்தவர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சத்துக்குக் கொண்டுசென்று, மேலாளர் என்ற பதவிக்கே புதிய பொருள் தந்தவர். தம் திட்டத்துக்கு அவர் நம்பிய அனுபவசாலிகளுள் ஸ்பியர்ஸ் முதன்மையானவர். லின்டாட்டும் அங்கு வந்துசேர்ந்திருந்தார். 1913–14இல் லீட்ஸ் நான்காம் இடத்தைப் பெற்றது. இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தால் முதல் பிரிவுக்கு உயரும் போட்டியில் அதுவும் இருந்திருக்கும். எழுபதுக்கு மேற்பட்ட லீக் ஆட்டங்களில் முப்பதுக்கு மேற்பட்ட கோல்களை ஸ்பியர்ஸ் அங்கே அடித்தார். பிராட்ஃபோர்டில் அவர் அடித்த கோல்களின் விகிதத்தைவிட இது மேலானது. புகழ் பிராட்ஃபோர்டோடு சேர்ந்துவிட்டாலும், ஓர் ஆட்டக்காரராக அவர் முழு முதிர்ச்சி அடைந்தது லீட்ஸில்தான் என்ற முடிவுக்கே இந்தக் கணக்கு இட்டுச்செல்கிறது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, ஆட்டக்காரர்கள் ஓராண்டு ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருந்தனர், லீக் நிறுத்தப்படவுமில்லை. நாடு போரில் இருக்கையில் கட்டுடல் கொண்ட இளைஞர்கள் பந்து விளையாடுவதா என்று செய்தித்தாள்களிலும் பொதுமேடைகளிலும் கடும் கண்டனம் எழுந்தது. போர் மூண்டதும் ரக்பி, கிரிக்கெட் உலகினர் விரைந்து படையில் சேர்ந்ததை எடுத்துக்காட்டி நிகழ்ந்த இந்தக் கண்டனத்தில் வர்க்க வெறுப்பும் கலந்திருந்தது. ஆலைகளையும் சுரங்கங்களையும் மூடச்சொல்லாதவர்கள், தொழிலாளர் வர்க்கத்தின் ஆட்டத்தை மட்டும் மூடச்சொன்னார்கள். எடின்பரோவின் ஹார்ட்ஸ் கழகத்தினர் லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே கூட்டாகப் படையில் சேர்ந்தனர்; லண்டனில் 1914 டிசம்பரில் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு தொடங்கப்பட்டது. 1915 வசந்தத்தில் பருவம் முடிந்ததும் இங்கிலாந்து லீக் நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர்களின் ஊதியமும் அத்தோடு நின்றது.

ஸ்பியர்ஸ் கிளாஸ்கோவுக்குத் திரும்பி, 1915 மே மாதத்தில் கேமரன் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் தன்விருப்பாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். கட்டாயப் படைச்சேர்க்கைச் சட்டம் 1916இல்தான் வந்தது. அதுவும் தொடக்கத்தில் மணமாகாதவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1916இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவர், 1917 வசந்தத்தில் நடந்த அராஸ் சண்டையில் காட்டிய துணிவுக்காக, சாதாரணப் படைவீரர்களுக்கு வழங்கப்படும் ‘மிலிட்டரி மெடல்’ என்ற பதக்கத்தைப் பெற்றுச் சார்ஜண்டாக உயர்ந்தார். அவ்வாண்டுக் கோடையில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குக் கிழக்கே, பாஷண்டேல் என்ற சிற்றூரின் பெயரால் நினைவுகூரப்படும் பெருஞ்சண்டை தொடங்கியது. இடைவிடாத மழையில் நிலம் சேறாகிக் காயம்பட்டவர்களைத் தூக்கிவருவதே பெரும்பாடாகிய களம் அது. ஆகஸ்டு 20ஆம் நாள் ஸ்பியர்ஸ் அங்கே இறந்தார். முதலில் காணாமற்போனவராகவே அவர் பெயர் பதிவாயிற்று; உடல் பின்னர்தான் கண்டெடுக்கப்பட்டு, டோக்கி ஃபார்ம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. லின்டாட் அதற்கு ஓராண்டு முன்னரே, 1916 ஜூலை முதல் நாள், சோம் சண்டையின் தொடக்கத்தில் மடிந்திருந்தார். ஓல்டு டிராஃபோர்டில் நியூகாசிலைத் தடுத்து நிறுத்திய டாரன்ஸ் 1918 ஏப்ரலில் ஈப்பருக்கு அருகே கொல்லப்பட்டார்.

போருக்குப் பின் கால்பந்து அதே விதிகளோடு மீண்டும் தொடங்கியது. போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு முறைகேடாகப் பணம் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட லீட்ஸ் சிட்டி, கணக்கேடுகளை விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்க மறுத்ததால், 1919 அக்டோபரில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டுக் கலைக்கப்பட்டது. அம்மாதம் 17ஆம் நாள் லீட்ஸின் மெட்ரோபோல் விடுதியில் அக்கழகத்தின் ஆட்டக்காரர்கள், திடலின் வலைகளோடும் சட்டைகளோடும் பந்துகளோடும் சேர்த்து ஏலம் விடப்பட்டனர். மற்றக் கழகங்களின் நிர்வாகிகள் வந்து ஏலம் கேட்டு, 16 பேரை மொத்தம் 9,250 பவுண்டுக்கு எடுத்துச் சென்றனர். ஸ்பியர்ஸோடு ஒரே அணியில் ஆடியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஊதிய உச்சவரம்பு 1961 வரை நீடித்தது. ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு எதிராக அவரது பதிவைக் கழகம் நிறுத்திவைத்துக்கொள்வது தொழில் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 1963ஆம் ஆண்டு ஜார்ஜ் ஈஸ்டம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது.